கண்ணாடிக்கு தண்ணி அடிக்கலையா? மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க

கார்ல ஸ்டியரிங் பக்கத்து லீவரை இழுத்தா வைப்பர் மட்டும் காஞ்ச முன்கண்ணாடி மேல கர்ருகர்ருனு ரெண்டு தடவை போயிட்டு வரும், தண்ணி ஒரு சொட்டு கூட வராது. இப்படி ஆனதும் நிறைய பேர் "வாஷர் மோட்டார் போயிடுச்சு"ன்னு அவங்களே முடிவு பண்ணி புது மோட்டாரை வாங்கிட்டு வந்து பம்பரை கழட்ட ஆரம்பிச்சிடுறாங்க. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. இந்த ரிப்பேர் பல தடவை பெரிய செலவில்லாம முடியிற வேலைதான், நாசில் (தண்ணி பீச்சுற முனை) அடைச்சிருக்கும், இல்ல பானெட்டுக்கு அடியில ட்யூப் கழண்டு தொங்கிட்டு இருக்கும், இல்ல ஃபியூஸ் போயிருக்கும். டேங்க்ல இருந்து கண்ணாடி வரைக்கும் தண்ணி போற வழி ஒண்ணே ஒண்ணுதான், அதுல தண்ணி எந்த இடத்துல நின்னு போகுதுன்னு கண்டுபிடிச்சா போதும், ரிப்பேர் அதுக்கப்புறம் சின்ன வேலை.

இதை தள்ளிப்போடவும் கூடாது. எதிர் வெயில்ல ஓட்டும்போது முன்னாடி போற லாரி சேத்தை வாரி கண்ணாடில அடிச்சிட்டுப் போச்சுன்னா, தண்ணி இல்லாம வைப்பரை போட்டா அந்த சேறு முழுக்க பூசி கண்ணாடியே வெள்ளையா ஆயிடும், சில நொடிக்கு ரோடே தெரியாது. போதாக்குறைக்கு மண்ணு மேல காஞ்ச வைப்பர் ஓடுனா கண்ணாடில அரைவட்டமா கீறல் விழும், அந்தக் கீறல் ராத்திரி எதிர்ல வர்ற ஹெட்லைட் வெளிச்சத்துல பளிச்சுனு சிதறும், அதை பாலிஷ் போட்டு எடுக்குறது சாதாரண வேலை இல்ல.

இன்னொரு விஷயம், தண்ணி வரலைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் லீவரை பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்காதீங்க. அந்த மோட்டார் தண்ணிலதான் குளிரும், அதுக்குள்ள இருக்கிற சீலுக்கும் தண்ணிதான் வழவழப்பு. காஞ்சு ஓடுனா சூடாகி சீல் தேஞ்சு, நல்லா இருந்த மோட்டாரையும் நீங்களே கெடுத்துடுவீங்க.

முதல்ல வழியை மனசுல போட்டுக்கோங்க. டேங்க் இருக்கு, அதோட அடிப்பக்கத்துல ஒரு ஓட்டை, அதுல ஒரு ரப்பர் புஷ், அந்த புஷ்ல சொருகின மாதிரி மோட்டாரும் பம்பும் ஒண்ணா சேர்ந்த ஒரு சின்ன உருளை. பம்ப் உள்ள போற வாய்ல ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும். பம்ப்ல இருந்து மெல்லிசா ஒரு ட்யூப் கிளம்பி, ஃபெண்டர் ஓரமா மேல ஏறி, பானெட் கீல் பக்கத்துல வளைஞ்சு, பானெட்டுக்கு அடியில ஒரு டி ஜாயின்ட்ல ரெண்டா பிரிஞ்சு ரெண்டு நாசிலுக்கும் போகும். நடுவுல எங்கயாவது ஒரு ஒன் வே வால்வ் இருக்கும், தண்ணி திரும்ப டேங்க்குக்கு இறங்கிடாம ட்யூப்லயே நிக்கிறதுக்கு. கரண்ட் பக்கம் பாத்தா பேட்டரி, ஃபியூஸ், ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற லீவர் சுவிட்ச், சில வண்டில ரிலே (கரண்டால இயங்குற சுவிட்ச்) இல்ல கண்ட்ரோல் யூனிட், அப்புறம் மோட்டார், அங்கிருந்து எர்த் (வண்டி பாடி வழியா கரண்ட் பேட்டரிக்கு திரும்புற வழி). அவ்வளவுதான் மொத்த சிஸ்டமும்.

டேங்க்ல தண்ணி இருக்கான்னு பாருங்கன்னு சொன்னா கோவம் வரும், ஆனா பாருங்க. மூடியில கண்ணாடியும் அது மேல தண்ணி பீச்சுற மாதிரியும் படம் போட்டிருக்கும், அதுதான் வாஷர் டேங்க். பக்கத்துலயே கூலன்ட் டேங்க் இருக்கும், ரெண்டையும் குழப்பிக்கவே கூடாது. இஞ்சின் சூடா இருக்கும்போது கூலன்ட் மூடியை திறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும். வாஷர் டேங்க்ல தெரியாம கூலன்ட் ஊத்திட்டா அது கண்ணாடில எண்ணெய் மாதிரி படலம் கட்டும், வாஷர் லிக்விட் கூலன்ட்ல போனா நுரை வந்து இஞ்சின் குளிர்ற வேலை கெடும். மாத்தி ஊத்திட்டீங்கன்னு தெரிஞ்சா வண்டியை ஸ்டார்ட் பண்ணாம முதல்ல அதை வடிச்சு எடுங்க.

நிறைய டேங்க் பம்பருக்கு உள்ளயோ ஃபெண்டருக்கு உள்ளயோ மறைஞ்சிருக்கும், மேல கழுத்து மட்டும்தான் தெரியும், அதனால எவ்வளவு தண்ணி இருக்குன்னு கண்ணுக்கு தெரியாது. தண்ணி ஊத்தி கழுத்து வரைக்கும் நிக்குதான்னு பாருங்க. ஊத்த ஊத்த நிறையவே மாட்டேங்குது, கீழ ரோடு நனையுதுன்னா உங்க பிரச்சனை லீக், அதை பின்னாடி சொல்றேன்.

இப்ப முக்கியமான டெஸ்ட். இதுக்கு காதுதான் கருவி. பானெட்டை திறந்து வச்சு, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணி, வீட்ல யாரையாவது உள்ள உக்கார வச்சு லீவரை ரெண்டு நொடி இழுக்க சொல்லுங்க. நீங்க டேங்க் இருக்கிற பக்கம் குனிஞ்சு கேளுங்க. வைப்பர் நடமாடும், கையையும் தலையையும் தள்ளி வச்சுக்கோங்க. கீழ இருந்து "ங்ஙீய்"னு ஒரு சத்தம் வந்தா மோட்டார் சுத்துது, கரண்ட் வருது, ஃபியூஸ் நல்லாருக்கு, சுவிட்ச் நல்லாருக்கு, இனிமே தண்ணி போற வழியை மட்டும் பாத்தா போதும். சத்தமே இல்லைன்னா கரண்ட் பக்கமோ மோட்டாரோதான், நாசிலை குத்திக்கிட்டு இருக்கிறதுல பிரயோஜனம் இல்ல. இந்த ஒரு டெஸ்ட்ல பாதி வேலை கழிஞ்சிடும், இதை பண்ணாம ஸ்பேனரை கையில எடுக்காதீங்க. சத்தம் வழக்கத்தை விட கிறீச்சுனு வேகமா வருதுன்னா பம்ப் தண்ணி இல்லாம காத்துல சுத்துதுன்னு அர்த்தம், டேங்க் காலியா இருக்கும் இல்ல அடியில இருக்கிற ஃபில்டர் அடைச்சிருக்கும். ம்ம்ம்னு திணறுற மாதிரி வந்தா பம்ப் உள்ள ஏதோ சிக்கியிருக்கும் இல்ல முன்னாடி வழி முழுசா அடைப்பா இருக்கும்.

சத்தம் வருது, தண்ணி மட்டும் வரலைங்கிறவங்களுக்கு முதல்ல சொல்றேன், ஏன்னா இதுதான் அதிகம்.

பானெட்டுக்கு அடியில ஒட்டியிருக்கிற அந்த வெப்பத் தடுப்பு ஷீட்டோட ரெண்டு மூணு கிளிப்பை கழட்டி ட்யூபை வெளிய தெரியிற மாதிரி வைங்க. லீவரை இழுக்க சொல்லிட்டு ட்யூப் முழுக்க ஒரு தடவை கண்ணை ஓட்டுங்க, எங்கயாவது கழண்டோ வெடிச்சோ இருந்தா தண்ணி அங்க பீச்சும். பானெட் கீல் பக்கத்துல முக்கியமா பாருங்க, பானெட்டை திறந்து மூடுற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல ட்யூப் மடங்குது, அதனால விரிசல் விடுறதும் அங்கதான், மடிப்பு விழுந்து அடைபடுறதும் அங்கதான். சில நேரம் பானெட் திறந்திருக்கும்போது தண்ணி நல்லா வரும், மூடுனா வராது, அப்ப மடிப்புதான்னு கண்ணை மூடிட்டு சொல்லிடலாம். ரொம்ப நாள் ஓடாம நிறுத்தி வச்ச வண்டியா இருந்தா எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க, பல்லு பட்ட அடையாளம் தெளிவாவே தெரியும், பக்கத்துல ஒயரையும் கடிச்சிருக்கலாம் அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க.

வெளிய எங்கயும் பீச்சலைன்னா நாசில்ல சொருகியிருக்கிற ட்யூபை கழட்டுங்க. நாசிலோட முனை பழைய பிளாஸ்டிக், பக்கவாட்டுல ஆட்டி இழுத்தா பட்டுனு ஒடிஞ்சிடும், அதனால ட்யூபை கொஞ்சம் சுடுதண்ணி துணியால ஒத்தி இளக வச்சு நேரா இழுங்க. கழட்டின ட்யூப் முனையை ஒரு பாட்டிலுக்குள்ள விட்டு லீவரை இழுக்க சொல்லுங்க. தண்ணி சர்ருனு வந்தா நாசில்தான் அடைப்பு. வரலைன்னா இன்னும் பின்னாடி போங்க, டி ஜாயின்ட்ல கழட்டிப் பாருங்க, அப்புறம் ஒன் வே வால்வோட நாசில் பக்கம், அப்புறம் அதோட பம்ப் பக்கம், கடைசியா பம்ப் வாய்ல. எந்த இடத்துல தண்ணி வருது, எந்த இடத்துல வரலைங்கிறதுக்கு நடுவுல இருக்கிறதுதான் குத்தவாளி. இப்படி ஒவ்வொரு ஜாயின்ட்டா பின்னாடி போறது நேரம் பிடிக்கிற மாதிரி தெரியும் ஆனா உண்மையில இதை விட வேகமான வழி இல்ல.

நாசிலுக்கு வருவோம். கிட்டப் போய் உத்துப் பாத்தீங்கன்னா ஓட்டையைச் சுத்தி வெள்ளையா உப்பு படிஞ்சு சின்ன மேடு மாதிரி நிக்கும், அது உப்புத் தண்ணி காஞ்சு காஞ்சு சேர்ந்தது. மெழுகு பாலிஷ் போடுற வண்டின்னா பாலிஷ் போய் அடைச்சு பச்சையாவோ வெள்ளையாவோ தெரியும். ஓட்டை வச்ச சாதா நாசிலா இருந்தா மெல்லிசான தையல் ஊசியை எடுத்து நேரா விட்டு, திருகாம, முன்னும் பின்னும் மெதுவா நகத்துங்க. பலமா நெம்புனா ஊசி உள்ளயே ஒடிஞ்சு நிக்கும், அப்புறம் நாசிலையே மாத்தணும். ஊசி விடுறதுக்கு முன்னாடி பின்பக்க ட்யூபை கழட்டி வச்சிடுங்க, இல்லைன்னா குத்தின அழுக்கு உள்ளயே போய் அடுத்த தடவை அதே ஓட்டைக்கு திரும்ப வந்து நிக்கும். குத்தினதுக்கு அப்புறம் வெளிய இருந்து உள்பக்கமா காத்தோ தண்ணியோ அடிச்சு அழுக்கை பின்பக்கமா தள்ளுங்க. சில நாசில்ல உள்ளயே ஒன் வே வால்வ் இருக்கும், அதுல இப்படி பின்னாடி தள்ள முடியாது, பலம் போட்டு ஊதுனா அந்த வால்வ் கெடும், அந்த மாதிரி நாசிலை கழட்டி ஊற வைக்கிறதுதான் வழி.

விசிறி மாதிரி பரவலா அடிக்கிற நாசிலுக்கு ஊசியே ஆகாது. அதுக்குள்ள தண்ணியை அங்கயும் இங்கயும் ஆட்டி பரப்புறதுக்குன்னே ரொம்ப நுணுக்கமா ஒரு வடிவம் செதுக்கியிருக்காங்க, ஊசி பட்டு அது கீறிடுச்சுன்னா அப்புறம் விசிறியா வராது, கோணலா ஒரு பக்கம் மட்டும் ஒழுகும். பானெட்டுக்கு அடியில இருந்து நாசிலோட ரெண்டு பக்க கிளிப்பையும் நோஸ் பிளையரால லேசா அமுக்கி மேல தள்ளுங்க, வெளிய வந்துடும், பெயின்ட்ல கீறாம இருக்க சுத்தி டேப் ஒட்டிக்கோங்க. வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து அதுல ஒரு மணி நேரம் போட்டு வைங்க, உப்பு கரைஞ்சிடும், அப்புறம் நல்ல தண்ணில அலசி பின்பக்கமா ஊதிப் பாருங்க. அதுக்கும் சரியாகலைன்னா புதுசு மாத்திடுங்க, சின்ன பொருள்தான், அதோட மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒன் வே வால்வ் பத்தி ஒரு வார்த்தை. லீவரை இழுத்து ரெண்டு மூணு நொடி கழிச்சுதான் தண்ணி வருது, வைப்பர் அதுக்குள்ள காஞ்ச கண்ணாடில ஓடிடுதுன்னா இந்த வால்வ் பிடிக்கலைன்னு அர்த்தம், ஒவ்வொரு தடவையும் தண்ணி டேங்க்குக்கு இறங்கிடுது, திரும்ப முழு ட்யூபும் நிரம்பி வரணும். கழட்டி வாயால ஊதிப் பாருங்க, ஒரு பக்கம் காத்து போகணும் இன்னொரு பக்கம் போகவே கூடாது. ரெண்டு பக்கமும் போனாலும் மாத்தணும், ரெண்டு பக்கமும் போகலைன்னாலும் மாத்தணும். ஊதுறதுக்கு முன்னாடி நல்லா கழுவிக்கோங்க, வாஷர் லிக்விட் வயித்துக்குள்ள போற சமாச்சாரம் இல்ல. மாட்டும்போது மேல இருக்கிற அம்புக்குறி நாசில் பக்கம் பாத்து இருக்கணும், திருப்பி மாட்டிட்டா எவ்வளவு நல்ல மோட்டாரா இருந்தாலும் தண்ணி வராது.

வெடிச்ச ட்யூபுக்கு இன்சுலேஷன் டேப் சுத்துறது வேஸ்ட், அடுத்த தடவை அழுத்தம் வரும்போது டேப்புக்கு அடியில இருந்தே பீச்சும். வெடிப்பு முனையில இருந்தா, நீளம் கொஞ்சம் உபரியா இருந்தா, அந்தத் துண்டை நேரா வெட்டிட்டு திரும்ப சொருகுங்க. நடுவுல இருந்தா வெடிச்ச இடத்தை வெட்டி எடுத்துட்டு அதே உள் அளவுக்கு ஒரு நேர் பிளாஸ்டிக் ஜாயின்ட்டை உள்ள சொருகுங்க. ட்யூப் பல இடத்துல விறைச்சுப் போய் விரல்ல வளைச்சா வெள்ளையா கோடு விழுதுன்னா ஒட்டுப் போடாதீங்க, முழு நீளத்தையும் மாத்துங்க, இன்னிக்கு ஒரு இடம் நாளைக்கு ஒரு இடம்னு போய்க்கிட்டே இருக்கும். அளவுக்கு பழைய ட்யூப் ஒரு துண்டை கையோட எடுத்துட்டுப் போய் வாங்குங்க, வண்டிக்கு வண்டி அளவு வேற.

ட்யூப், வால்வ், நாசில் எல்லாம் நல்லாருக்கு, ஆனா பம்ப் வாய்லயே தண்ணி சொட்டு சொட்டாதான் வருதுன்னா அடியில இருக்கிற வலை ஃபில்டர் அடைச்சிருக்கும். இதைத்தான் பல பேர் பாக்கவே மாட்டாங்க, பாக்காம மோட்டாரை மாத்துவாங்க, புது மோட்டாரை சொருகும்போது தற்செயலா அழுக்கு கொஞ்சம் நகர்ந்து தண்ணி வரும், சரி மோட்டார்தான் போல இருக்குன்னு நினைச்சுக்குவாங்க, கொஞ்ச நாள்ல திரும்ப அதே கதை. அழுக்கு டேங்க்ல அப்படியே இருக்கும்போது வேற எப்படி இருக்கும்.

பம்பை எடுக்கணும்னா அதுகிட்ட போகணும். சில வண்டில மேல இருந்தே கைக்கு எட்டும். பல வண்டில வீல் ஆர்ச் பிளாஸ்டிக்கை கழட்டணும், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா திருப்பினீங்கன்னா சக்கரத்துக்கு முன்னாடி கை போற அளவுக்கு இடம் கிடைக்கும், சக்கரத்தை கழட்டாமலே முடிச்சிடலாம். ஜாக்கி போட வேண்டி வந்தா வெறும் ஜாக்கியை நம்பி கையை உள்ள விடாதீங்க, சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மத்த சக்கரத்துக்கு கட்டை கொடுத்து, ஸ்டாண்டு மேல வண்டியை உக்கார வச்சதுக்கு அப்புறம்தான் வேலை. முன்பம்பரை கழட்ட வேண்டிய வண்டின்னா அங்க ஏர்பேக் சென்சார் எல்லாம் இருக்கும், சாவியை ஆஃப் பண்ணி பேட்டரி நெகட்டிவை கழட்டி வச்சிட்டு ஆரம்பிங்க. பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு நடுவுல இருக்கிற முள்ளை முதல்ல தூக்கிட்டு அப்புறம் முழுசா இழுக்கணும், நேரா நெம்புனா ஒடியும். ரெண்டு மூணு கிளிப் எப்படியும் ஒடியும்தான், எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்கோங்க.

கீழ ஒரு பேசின் வைங்க, பம்பை எடுத்ததும் டேங்க்ல இருக்கிற தண்ணி மொத்தமா கையில கொட்டும். கனெக்டரை லாக்கை அமுக்கி கழட்டுங்க, ஒயரை பிடிச்சு இழுக்காதீங்க. ட்யூபை கழட்டுங்க. ரெண்டு ட்யூப் இருந்தா எது எங்கேன்னு டேப்ல அடையாளம் போட்டுக்கோங்க, போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துட்டா இன்னும் நல்லது. அப்புறம் பம்பை லேசா அசைச்சு நேரா மேல தூக்குனா அந்த ரப்பர் புஷ்ல இருந்து "ப்ளக்"னு வெளிய வரும். வர அடம் பிடிச்சா புஷ்ஷைச் சுத்தி கொஞ்சம் சோப்புத் தண்ணி விட்டு ஆட்டுங்க. புஷ் உள்ள விரலை விட்டுப் பாத்தீங்கன்னா வழவழன்னு மூக்குச்சளி மாதிரி ஒண்ணு கையில ஒட்டும், பச்சையாவோ பழுப்பாவோ இருக்கும், பாசியும் கிருமியும் சேர்ந்து கட்டின படலம் அது. வலை ஃபில்டர் மேல இது கம்பளி மாதிரி போர்த்தியிருந்தா தண்ணி எப்படி உள்ள போகும்? ஃபில்டரை பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு ஒவ்வொரு கண்ணும் திறந்திருக்கான்னு பாருங்க. கிழிஞ்ச ஃபில்டரை திரும்ப போடாதீங்க. ஃபில்டர் இல்லாம மட்டும் எக்காரணத்துக்கும் மாட்டாதீங்க, அடுத்த மண்ணுத் துகள் நேரா பம்ப் இறக்கைக்குத்தான் போகும்.

டேங்க்கையும் கழுவணும். பம்ப் இருந்த ஓட்டை திறந்திருக்கும்போதே மேல கழுத்து வழியா வெதுவெதுப்பான தண்ணியை வேகமா ஊத்துங்க, கீழ வர்ற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் ஊத்துங்க. நீளமான பாட்டில் பிரஷ் எட்டுற வரைக்கும் விட்டு தேய்ங்க. கொதிக்கிற தண்ணி வேண்டாம், பிளாஸ்டிக் வளையும். ரொம்ப மோசமா இருந்தா டேங்க்கையே கழட்டி குலுக்கி கழுவுறதுதான் நல்லது. கடைசியா ட்யூபுக்குள்ளயும் தண்ணி அடிச்சு, நாசிலை மாட்டாம, உள்ள இருக்கிற மிச்ச சொச்சத்தை வெளிய தள்ளுங்க.

இனி சத்தமே வராதவங்களுக்கு.

ஃபியூஸ் பாக்ஸ் மூடியில படம் இருக்கும், வாஷர்னோ வைப்பர்னோ எழுதியிருக்கும். சில வண்டில ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸ், அப்ப வைப்பர் ஓடுதுன்னா ஃபியூஸ் நல்லாருக்குன்னு அர்த்தம். தனித்தனியா இருந்தா வைப்பர் ஓடுறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஃபியூஸ் போயிருந்தா அதே ஆம்பியர் மட்டும் போடுங்க, 10 போட்ட இடத்துல 20 போட்டா ஒயர் எரியும், இதுல எந்த சமரசமும் கிடையாது. புது ஃபியூஸும் உடனே போச்சுன்னா மோட்டார் கனெக்டரை கழட்டிட்டு இன்னொரு ஃபியூஸ் போட்டு லீவரை இழுங்க. இப்ப ஃபியூஸ் நின்னா மோட்டார் உள்ள ஜாம் இல்ல ஷார்ட், இப்பவும் போச்சுன்னா ஒயர் எங்கயோ பாடில உரசி ஷார்ட் ஆகுது.

ஃபியூஸ் நல்லாருக்குன்னா மோட்டார் கனெக்டரை கழட்டி உள்ள பாருங்க. பச்சையா பூத்திருக்கா? அந்த இடம் எப்பவும் ஈரம், பின் அரிக்கிறது சகஜம். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு சின்ன பிரஷ்ஷால தேய்ச்சு மாட்டினாலே பல மோட்டார் உயிர் பெத்து ஓடும். அப்பவும் ஓடலைன்னா கனெக்டரோட ரெண்டு பின்லயும் டெஸ்ட் லாம்ப் வச்சுட்டு லீவரை இழுக்க சொல்லுங்க. இங்க மல்டிமீட்டரை விட பல்ப் போட்ட சாதா டெஸ்ட் லாம்ப்தான் எனக்குப் பிடிக்கும், ஏன்னா அரிச்சுப்போய் ஒரே ஒரு நூல் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கிற ஒயர்லயும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், மீட்டர் கரண்ட்டே இழுக்காது இல்லையா, ஆனா மோட்டாரை மாட்டினா அது ஓடாது. பல்ப் கரண்ட் இழுக்கும், அதனால உண்மையைச் சொல்லும். நல்ல பிரகாசமா எரிஞ்சா ஒயரிங் சரி, மோட்டார்தான் போச்சு. மங்கலா எரிஞ்சா எங்கயோ அரிப்பு. எரியவே இல்லைன்னா லாம்ப்போட கிளிப்பை பேட்டரி நெகட்டிவ்ல மாட்டிட்டு ஒவ்வொரு பின்னா தொடுங்க. எரிஞ்சா பாசிட்டிவ் வருது, மோட்டாரோட எர்த் வழி விட்டுப்போயிருக்கு, எர்த் போல்ட்டை கழட்டி துருவை சுரண்டிட்டு இறுக்குங்க. சில வண்டில சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், அதுல லீவரை இழுக்காமலே ஒரு பின்ல எப்பவும் பாசிட்டிவ் இருக்கும், அதைப் பாத்து குழம்பாதீங்க.

ரெண்டு பின்லயும் ஒண்ணுமே வரலை, ஃபியூஸும் சரின்னா ரிலேயோ லீவர் சுவிட்ச்சோதான். ரிலே இருந்தா அதே மாதிரி வேற ரிலேயை மாத்தி சொருகிப் பாக்கலாம். லீவர் சுவிட்ச் ஏர்பேக்குக்கு பக்கத்துல இருக்கிறதால அதை மட்டும் நீங்களே கழட்டாதீங்க, எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க.

மோட்டார் போச்சுன்னு உறுதி பண்ணிக்க, டேங்க்ல தண்ணி இருக்கும்போதே பேட்டரில இருந்து ஃபியூஸ் வச்ச ரெண்டு ஒயரை நேரா மோட்டார் பின்ல ரெண்டு நொடி கொடுத்துப் பாருங்க. ஓடலைன்னா ஸ்க்ரூ டிரைவர் பிடியால மோட்டாரை மெதுவா தட்டிட்டு ஒரு தடவை கொடுங்க. தட்டினதும் ஓடுனா மோட்டார் உள்ள கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சுடுச்சு, ஓடிடுச்சேன்னு அப்படியே விட்டுடாதீங்க, சீக்கிரமே திரும்ப நிக்கும்.

புது மோட்டார் வாங்கும்போது பழசை பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க, வாய் எத்தனை, கனெக்டர் வடிவம், உள்ள போற முனையோட தடிமன். ரப்பர் புஷ்ஷையும் சேத்து புதுசா வாங்கிடுங்க, பழசு விறைச்சுப் போயிருக்கும், புது மோட்டாரை பழைய புஷ்ல சொருகி லீக் வந்தா மறுபடியும் எல்லாத்தையும் கழட்டணும். புஷ்ஷை முதல்ல டேங்க்ல உக்கார வச்சு, உள்பக்கம் தண்ணில நனைச்சு, மோட்டாரை நேரா அழுத்துங்க. கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவாதீங்க, ரப்பர் ஊதிடும், அது தண்ணில கலந்து கண்ணாடிக்கும் வரும்.

பின்கண்ணாடிக்கும் தண்ணி அடிக்கிற வண்டில பெரும்பாலும் ஒரே மோட்டார்தான் ரெண்டு வேலையும் பாக்கும். ஒரு திசையில சுத்துனா முன்னாடி, திசை மாறி சுத்துனா பின்னாடி. அதனால ட்யூபையோ ஒயரையோ மாத்தி மாட்டிட்டீங்கன்னா முன்னாடி லீவரை இழுத்தா பின்னாடி அடிக்கும். மோட்டார் பழுதுன்னு நினைக்காதீங்க, ட்யூபை மாத்திப் போடுங்க, சரியாயிடும்.

பின்பக்க வாஷர்ல ஒரு எச்சரிக்கை இருக்கு. அந்த ட்யூப் வண்டிக்கு உள்ள ஓரமாவோ கூரை துணிக்கு மேலயோ போய் டிக்கி கதவுக்குள்ள நுழையும். நடுவுல கழண்டா தண்ணி முழுக்க உள்ளதான் கொட்டும், பின் கண்ணாடி காஞ்சே இருக்கும். பின்னாடி தண்ணி வரலைன்னா திரும்ப திரும்ப அடிச்சுப் பாக்காம, முதல்ல கூரைத் துணியையும் கார்பெட்டையும் கையால தொட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா கூரைக்கும் டிக்கி கதவுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் உறையை உருவிப் பாருங்க, அங்கதான் அதிகம் கழளும். பின் வைப்பரோட நடு அச்சு வழியா தண்ணி வர்ற மாடல்ல சீல் போச்சுன்னா தண்ணி வைப்பர் மோட்டார் உள்ள இறங்கி அதையும் சேத்து கெடுக்கும், அதனால ஒத்திப்போடாதீங்க.

லீக் கண்டுபிடிக்க டேங்க்கை நிரப்பி, சுத்தி நல்லா துடைச்சுட்டு, டிஷ்யூ பேப்பரை புஷ் பக்கமும் டேங்க் ஓரத் தையல் பக்கமும் ஒத்திப் பாருங்க. புஷ்ஷா இருந்தா மாத்துங்க. டேங்க் வெடிச்சிருந்தா பசை போட்டு ஒட்ட ஆசையா இருக்கும், ஆனா பெரும்பாலான டேங்க் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் வகை பிளாஸ்டிக், அதுல சாதாரண பசை எதுவுமே பிடிக்காது, உரிஞ்சு வந்துடும். அதே பிளாஸ்டிக்ல வெல்டிங் பண்ணலாம், இல்லைன்னா டேங்க்கை மாத்துறதுதான்.

என்ன தண்ணி ஊத்துறதுங்கிறதுலதான் அடுத்த ரிப்பேர் எப்பன்னு இருக்கு. உப்புத் தண்ணி வேண்டாம், வடிகட்டின தண்ணியும் வாஷர் லிக்விடும் பாட்டில்ல போட்ட அளவுக்கு கலந்து ஊத்துங்க. பாத்திரம் கழுவுற லிக்விட் ஊத்தாதீங்க, நுரை வரும், காஞ்சா கோடு கோடா படியும், நாசிலும் அடைக்கும். வெறும் தண்ணி மாசக்கணக்குல வெதுவெதுப்பா தேங்கி நிக்கிறது கிருமிக்கு தோதான இடம். 2010ல இங்கிலாந்துல வந்த ஆய்வு, வாஷர் லிக்விட் கலக்காத தண்ணிக்கும் லீஜனேர்ஸ்ங்கிற நிமோனியா வகை நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு காட்டிச்சு, நாசில்ல இருந்து வர்ற அந்த மெல்லிய சாரலைத்தான் நாம மூச்சுல இழுக்கிறோம். வெப்பநிலை 0 டிகிரிக்கு கீழ போற இடத்துல வண்டி நிக்கும்னா குளிருக்குன்னு இருக்கிற லிக்விட்தான் போடணும், தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், டேங்க்கும் பம்பும் பிளந்துடும். உறைஞ்ச டேங்க்ல கொதிநீர் ஊத்தாதீங்க, லீவரையும் இழுக்காதீங்க, வண்டியை வெதுவெதுப்பான இடத்துல நிறுத்தி தானா இளகட்டும். மெத்தனால் கலந்த லிக்விட் விஷம், குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

எல்லாம் மாட்டினதுக்கு அப்புறம் கடைசி வேலை குறி வைக்கிறது. ஓட்டை இருக்கிற சின்ன உருண்டை வச்ச சாதா நாசிலா இருந்தா ஊசியை ஓட்டையில லேசா விட்டு தலைமுடி அளவுக்கு திருப்புங்க. வண்டி நிக்கும்போது வைப்பர் துடைக்கிற இடத்தோட மேல் பாதியில தண்ணி விழணும், ஏன்னா ஓடும்போது காத்து அந்த நீரை கீழ அமுக்கும். நிக்கும்போது நடுவுல சரியா விழுற மாதிரி வச்சீங்கன்னா வேகத்துல அது கண்ணாடி அடிக்குத்தான் போகும். ரொம்ப மேல வச்சா கூரையைத் தாண்டி பின்னாடி வர்றவங்க மேல விழும். விசிறி நாசில்ல சிலதுக்கு ஓரத்துல மேல கீழ நகத்துற ஸ்க்ரூ இருக்கும், இல்லைன்னா அதை நெம்பாதீங்க. வச்சதுக்கு அப்புறம் காலி ரோடா பாத்து ஒரு தடவை ஓட்டி, வேகத்துல எங்க விழுதுன்னு பாத்துட்டு, ஓரமா நிறுத்தி மிச்சத்தை சரி பண்ணிக்கோங்க.